இருபது கேள்விக்கும் ஆமாம்

விருத்தாசலம்,
6-8-1973

ஆண்டாளுக்கு உன் நாத்தனார் பாஞ்சாலை எழுதிக்கொண்டது.

நாலரை வருஷத்துக்குப் பிறகு என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. முழுக்கப் படி. இங்கே நானும் என் தம்பி மாணிக்கவேலும் இருக்கிறபடி இருக்கிறோம். உன் மகள் வாசுகிக்கு வைகாசியில் அம்மை போட்டது. வேப்பிலையில் படுக்கவைத்து, மூன்று தண்ணீர் ஊற்றி, இப்போது பழையபடி தெருவெல்லாம் ஓடுகிறாள். உன் அப்பாவுக்கு முட்டி வலி என்று கேள்விப்பட்டேன். பூவராகப் பெருமாள் பார்த்துக்கொள்வார்.

விஷயம் பெரிதாக ஒன்றுமில்லை. வருகிற 20ஆம் தேதி திங்கட்கிழமை நீ ஒரு நாள் இங்கே வந்து போக வேண்டும். காலை பஸ்ஸில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டை இங்கே முடித்துக்கொண்டு சாயங்காலம் திரும்பிவிடலாம். ஒரு டாக்டரம்மா வீட்டுக்கு வருகிறார்கள். உன்னை நாலு வார்த்தை கேட்பார்கள், நீ நாலு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. ஊரில் பல வீட்டுக்கும் வருவதுதான்.

என்ன இருந்தாலும் நீ இந்த வீட்டு மருமகள். நீ உள்ளே வந்தால் யாரும் தடுக்கப்போவதில்லை. மாணிக்கவேலும் வரச் சொன்னான். பீங்கான் கம்பெனியில் இந்த வாரம் சூளைக்கு நெருப்பு வைக்கிறார்கள், அதனால் அவனால் எழுத முடியவில்லை.

பதிலைக் கார்டில் எழுதாதே. இன்லண்டு வாங்கி எழுது.

பாஞ்சாலை


ஸ்ரீமுஷ்ணம்,
9-8-1973

அண்ணிக்கு,

கார்டில்தான் எழுதுகிறேன். உங்கள் தெரு போஸ்ட்மேன் பக்கிரி நன்றாகப் படித்தவர். கடிதத்தைக் கொடுப்பதற்கு முன்பே சேதியைத் தெருவுக்குச் சொல்லிவிடுவார்.

1969 தை மாதம் என்னை ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, கண்டக்டரிடம் நீங்கள் சொன்னது எனக்கு இன்னும் எழுத்து மாறாமல் ஞாபகம் இருக்கிறது. "இது பைத்தியம், பாத்து எறக்கிவுடுங்க. பச்சப்புள்ளைய இது கையில குடுத்தா கெணத்துல போட்டுரும், அதான் புள்ளைய நாங்க வச்சிக்கிட்டோம்." பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பைத்தியத்துக்கு இப்போது எதற்கு மத்தியானச் சாப்பாடு? என்ன டாக்டர், என்ன கேள்வி, அதற்கு ஏன் நான்? உள்ளதை எழுதுங்கள். இல்லாவிட்டால் அடுத்த கார்டு இதைவிடப் பெரிய எழுத்தில் வரும்.

ஆண்டாள்


விருத்தாசலம்,
11-8-1973

ஆண்டாளுக்கு,

உன் ஆசை நிறைவேறிவிட்டது. பக்கிரி உன் கார்டை எதிர்வீட்டுக் காசியம்மாளிடம் படித்துக்காட்டிவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தான். அவள் வாசலில் நின்றுகொண்டு, "என்னா பாஞ்சால, மருமவ லெட்டர் போட்டுச்சாமே?" என்று கேட்கிறாள். இனி மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. உள்ளதையே எழுதுகிறேன்.

போன மாதக் கடைசியில் ராஜாங்கம் என்ற ஒருவர் அச்சடித்த தாள்களைத் தூக்கிக்கொண்டு வந்தார். மெட்ராஸிலிருந்து டாக்டர்கள் வந்திருக்கிறார்களாம். நம் ஊரில் பதினெட்டு வயது தாண்டியவர்களில் எத்தனை பேருக்கு மனசு சரியில்லை என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுகிறார்களாம். தலையை எண்ணினது போதாதென்று மனசையும் எண்ணக் கிளம்பிவிட்டார்கள். வீட்டில் பெரியவர்கள் யார் யார் என்று கேட்டார். நானும் தம்பியும் என்றேன். ரேஷன் கார்டைக் காட்டச் சொன்னார். காட்டினேன். அதில் உன் பெயர் இருக்கிறது.

ஏன் இருக்கிறது என்று என்னைக் கேட்காதே. உன் பங்குச் சர்க்கரையை நான் தின்று கொழுக்கவில்லை, உன் மகள்தான் தின்றாள். "ஆண்டாள்னு போட்டிருக்குதே, அவங்க எங்க?" என்றார். இல்லை என்று சொன்னால் கார்டே பொய் என்று ஆகிவிடும். "இருக்குறா. வெளிய போயிருக்குறா" என்றேன். வீட்டில் இல்லாதவர்களுக்கு வீட்டுப் பெரியவர் பதில் சொல்லலாமாம். தம்பிக்கு நான்தான் சொன்னேன், எல்லாவற்றுக்கும் இல்லை என்று. உனக்கும் நான்தான் சொன்னேன். தூக்கம் வருகிறதா, பசி எடுக்கிறதா, காரணமில்லாமல் அழுகை வருமா, செத்துப்போய்விடலாம் என்று தோன்றுமா என்று இருபது கேள்வி. இருபதுக்கும் ஆமாம் என்றேன்.

பொய்யா சொன்னேன்? பிள்ளை பெற்ற நாற்பது நாளும் நீ எப்படிக் கிடந்தாய் என்று உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாய். குழந்தை வீறிட்டு அழும். நீ தலையைக்கூடத் திருப்பமாட்டாய். பசும்பாலில் தண்ணீர் கலந்து, சங்கில் ஊற்றி ஊற்றி அதைப் பிழைக்கவைத்தவள் நான். அதை அந்தத் தாளில் எழுத இடமில்லை.

அடியில் கையெழுத்தும் போட்ட பிறகுதான் அந்த மனிதர் சொல்கிறார், நிறைய ஆமாம் வருகிறவர்களை டாக்டரம்மா நேரில் வந்து பார்ப்பார்களாம். சானிட்டரி இன்ஸ்பெக்டரும் கூட வருகிறாராம். அன்றைக்கு நீ இங்கே இல்லையென்றால் கார்டை வெட்டிவிடுவார்கள். பொய்க் கையெழுத்துக்காக என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்துவார்களோ தெரியாது. வெட்டினால் உன் மகளுக்கும் சேர்த்துத்தான் வெட்டு. அவளுக்காகவாவது வா.

பாஞ்சாலை


ஸ்ரீமுஷ்ணம்,
14-8-1973

அண்ணிக்கு,

உள்ளதை எழுதியதற்காக இன்லண்டு. ஆனால் நீங்கள் முக்கால்தான் எழுதினீர்கள். மீதிக் காலை நான் எழுதுகிறேன்.

காசியம்மாள் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்தவள் எங்கள் வீட்டில் காப்பி குடித்துவிட்டுப் போனாள். நம் ஜில்லாவிலேயே இருக்கிற மங்களூர்ப் பக்கத்தில் என் கணவருக்குப் பெண் பார்த்து வைத்திருக்கிறீர்கள். முதல் பெண்டாட்டி பைத்தியம் என்று சர்க்கார் தாளில் ஏறிவிட்டால் அந்தக் காகிதத்தைக் காட்டி இரண்டாம் கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டீர்கள். மனசைக் கணக்கெடுக்க வந்தவர்களை சர்ட்டிபிகேட் கொடுக்க வந்தவர்கள் என்று நினைத்துவிட்டீர்கள். அதனால்தான் இருபதில் ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை. என்னைப் பைத்தியமாக்க வேண்டுமானால் முதலில் என்னை அந்த வீட்டு ஆளாக்க வேண்டியிருந்தது. ஆக்கிவிட்டீர்கள், கையெழுத்தும் போட்டுவிட்டீர்கள். ரொம்பச் சந்தோஷம்.

அந்த நாற்பது நாளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் மறக்கவில்லை. குழந்தை அழுவது காதில் விழும். எழுந்து தூக்க வேண்டும் என்று தெரியும். கை வராது. ஏன் வரவில்லை என்று எனக்கே தெரியாமல் அதற்கும் சேர்த்து அழுதேன். நீங்கள் சங்கில் ஊற்றிப் பிழைக்கவைத்தீர்கள், அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இங்கே வந்து மூன்றாவது மாதம் நான் தெளிந்துவிட்டேன். தெளிந்ததும் ஓடிவந்தேன். சித்திரையில் ஒரு தடவை, ஆடியில் ஒரு தடவை, அடுத்த பொங்கலுக்கு ஒரு தடவை. மூன்று தடவையும் நீங்கள் உள்தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, "பைத்தியம் வந்திருக்குது, யாரும் தொறக்காதீங்க" என்று உள்ளேயிருந்து கத்தினீர்கள். மூன்றாம் தடவை என் மகள் உள்ளே பேசும் சத்தத்தைக் கேட்டேன். அவள் பேசக் கற்றுக்கொண்டிருந்தாள். அன்றைக்குத் திரும்புவதற்கு முன்னால் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய், உங்கள் பெயரில் பிராது எழுதி வேலில் கட்டிவிட்டு வந்தேன். என் மகளை என்னிடம் சேர்த்துவிட்டு, அவளைப் பிரித்தவளை அதேபோல் பிரி என்று எழுதினேன். சாமி கொஞ்சம் தாமதமாக விசாரிக்கிறார், ஆனால் விசாரிக்கிறார்.

நான் வருகிறேன். ஆனால் மூன்று நிபந்தனை.

மங்களூர்க்காரர்களுக்கு, முதல் பெண்டாட்டி உயிரோடும் புத்தியோடும் இருக்கிறாள், கல்யாணப் பேச்சு வேண்டாம் என்று உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள். நகல் எனக்கு வர வேண்டும். அடுத்து, 19ஆம் தேதி அவரே இங்கே வந்து என்னை அழைத்துப் போக வேண்டும். எல்லோரும் பார்க்க, அதே பஸ்ஸில், என் பக்கத்தில் உட்கார்ந்து. கடைசியாக, வாசுகியை யார் வீட்டுக்கும் அனுப்பிவைக்கக் கூடாது. அன்று முழுக்க அவள் என் கண் முன்னால் இருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் நீங்கள் சொல்லுங்கள். பைத்தியமாக வரட்டுமா, தெளிந்தவளாக வரட்டுமா? உங்கள் கையெழுத்துப்படி நான் பைத்தியம். எது வசதி என்று எழுதினால் அதற்குத் தகுந்தாற்போல் தலை வாரிக்கொண்டு வருவேன்.

ஆண்டாள்


விருத்தாசலம்,
17-8-1973

ஆண்டாளுக்கு,

மங்களூருக்கு எழுதிய கடிதத்தின் நகல் இதோடு இருக்கிறது. எழுதும்போது மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன் என்று சொன்னால் நீ சந்தோஷப்படுவாய், அதனால் சொல்லவில்லை.

மாணிக்கவேல் ஞாயிறு காலை வருவான். அவன் ஒன்றும் பேசமாட்டான். பேச்சு வாங்கலாம் என்று நினைத்து ஏமாந்துபோகாதே, எனக்கே அவன் பேச்சைக் கேட்டு வருஷமாகிறது.

வாசுகி வீட்டில்தான் இருப்பாள். ஆனால் அவள் உன்னிடம் வருவாள் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. என் இடுப்பைத் தவிர வேறு இடுப்பு அவளுக்குத் தெரியாது. அதற்கு நிபந்தனை போட்டு என்ன செய்வாய்?

தெளிந்தவளாகவே வா. வந்து பார்த்துவிட்டு, போ.

பாஞ்சாலை


சேத்தியாத்தோப்பு,
2-9-1973

ஆண்டாளுக்கு,

உன் பிராது பலித்துவிட்டது. நீ என் வீட்டில் இருக்கிறாய், நான் செத்துப்போன என் புருஷனின் தம்பி தர்மராஜ் வீட்டில் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

டாக்டரம்மா உன்னிடம் அரைமணி நேரம் பேசிவிட்டு, "இவங்களுக்கு இப்ப ஒண்ணுமில்ல. பிரசவத்துக்கப்புறம் வந்திருக்கு, போயிருச்சு. நெறைய பேருக்கு வர்றதுதான்" என்று தாளை மூடினார்கள். அத்தோடு நீ எழுந்து போயிருக்கலாம். நான் உனக்குச் செய்ததற்கு அதுவே எனக்குப் போதுமான செருப்படி. அந்த அம்மாள் முறைக்காக என்னையும் நாலு கேள்வி கேட்டார்கள். எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். அவர்கள் பேனாவைக்கூட மூடிவிட்டார்கள்.

நீதான் கூடத்திலிருந்து எழுந்து வந்தாய். "அவங்களுக்கு நான் சொல்றேங்க. வூட்டுல இருக்குறவங்க ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லலாமாமே" என்றாய். தெருப்பக்க ஜன்னல் திறந்திருந்தது. காசியம்மாளும் நாலு பொம்பளைகளும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். நீ அவர்களைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாய். நான் குளிக்கிற இடத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுவதைச் சொன்னாய். ஒரே குடத்தை ஏழெட்டுத் தடவை விளக்கிவிட்டு மறுபடியும் விளக்குவதைச் சொன்னாய். ராத்திரிச் சாப்பாட்டைத் தட்டில் போட்டுக் கையால் அளைந்துவிட்டு மாட்டுக்கு வைத்துவிடுவதைச் சொன்னாய். என் புருஷன் படத்துக்கு முன்னால் நின்று, "என்னையும் கூப்டுக்கய்யா" என்று நான் சொல்வதைக்கூடச் சொன்னாய். யாருக்குமே தெரியாது என்று நினைத்திருந்தேன்.

டாக்டரம்மா மறுபடி என்னிடம் திரும்பி, "எவ்வளவு நாளா இப்படி இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டார்கள். என் புருஷன் போன இந்தப் பதினோரு வருஷமாக ஒருத்தரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. அத்தனை பேருக்கு முன்னால் நான் உடைந்துபோனேன். வாசுகி என்னை அப்படிப் பார்த்ததே இல்லை, பயந்துபோய் உன் பின்னால் ஒளிந்துகொண்டாள். அப்போது உன் முகத்தை நான் பார்த்தேன், ஆண்டாள். சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன்.

மறுநாள் காலை காசியம்மாள் தன் பேத்தியை என் வீட்டுப் பக்கம் விடவில்லை. அதற்குமேல் அங்கே இருக்க எனக்கு முகமில்லை. நான் பஸ் ஏறும்போது அந்தக் குழந்தை கத்தியது உனக்குக் கேட்டிருக்கும்.

நான் உனக்குச் செய்தது பொய். நீ எனக்குச் செய்தது நிஜம். நிஜத்தால் அடித்தால் காயம் படாது என்று நினைத்தாயா?

பாஞ்சாலை


விருத்தாசலம்,
10-9-1973

அண்ணிக்கு,

காயம் படும் என்று தெரிந்துதான் சொன்னேன். ஜன்னல் திறந்திருந்ததும் தெரியும். நான் அந்த வீட்டில் வாழ்ந்த இரண்டு வருஷமும் உங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அப்போது உங்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். ஒருநாள்கூட வெளியே சொன்னதில்லை. அந்தப் பாவத்தையெல்லாம் நீங்கள் ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டீர்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் இரண்டாவது கடிதம் வந்த மறுநாளே நான் விருத்தாசலம் வந்து அந்த ராஜாங்கத்தைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். அவர்களுக்கும் ரேஷன் ஆபீசுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாதாம். யார் என்ன சொன்னார்கள் என்று அந்தத் தாளை வெளியே காட்டவே கூடாதாம். நான் வராமல் இருந்திருந்தால் "ஆள் இல்லை" என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போயிருப்பார்கள். உங்கள் கார்டுக்கும் ஒன்றும் ஆகியிருக்காது, உங்களுக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் நிபந்தனை எழுதினேன். நீங்கள் ஒரு வாரம் பயந்து சாக வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது.

அவர் என்னைப் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. அவரை நம்பி நான் இங்கே இருக்கவில்லை. இரண்டு பெண்களில் எவள் சமைத்தாலும் சாப்பிடுகிற மனிதர் அவர். என் மகள் இங்கே இருக்கிறாள், அதனால் நானும் இருக்கிறேன்.

வாசுகி எப்படி இருக்கிறாள் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று வரிக்கு வரி தவித்திருப்பது தெரிகிறது. கேட்டாலும் எழுதமாட்டேன். நாலரை வருஷத்தில் அவள் தவழ்ந்தாள், நின்றாள், பல் முளைத்தது, பேசினாள். எனக்கு ஒரு வரி எழுதினீர்களா?

ஆண்டாள்


சேத்தியாத்தோப்பு,
1-10-1973

ஆண்டாளுக்கு,

கேட்கிறேன். வாசுகி எப்படி இருக்கிறாள்?

நீ எழுதமாட்டாய் என்று தெரியும். ஆனாலும் அவளுக்காகச் சிலது சொல்லிவிடுகிறேன். ரசம் சாதத்தை நன்றாகப் பிசைந்து, கொஞ்சம் ஆறவிட்டுக் கொடு. சூடாகக் கொடுத்தால் வாயில் அடக்கிவைத்துக்கொண்டு துப்பிவிடுவாள். தலை வாரும்போது இடது காதுக்குப் பின்னால் மெதுவாக வாரு, அம்மை வந்த தழும்பு ஒன்று இருக்கிறது. இடி இடித்தால் வெளியே வந்து நிற்பாள், வீட்டுக்குள் அடைக்காதே. உள்ளே இருந்தால்தான் அவளுக்குப் பயம்.

டாக்டரம்மா எனக்கு வைத்தியத்துக்கு எழுதி அனுப்புவதாக அன்றைக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள். விருத்தாசலம் விலாசத்துக்குத்தான் வரும். வந்ததா? இங்கே எனக்கு நாளுக்கு நாள் கனம் கூடுகிறது. எழுந்து பல் விளக்குவதே பெரிய வேலையாக இருக்கிறது. தர்மராஜ் பெண்டாட்டிக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். நான் தொட்ட பாத்திரத்தை அவள் தனியாக வைக்கிறாள்.

கொளஞ்சியப்பர் கோயில் பிராதையாவது எடுத்துவிடு. காரியம் முடிந்தால் எடுத்துவிட வேண்டும் என்பதுதானே வழக்கம்? உன் காரியம் முடிந்துவிட்டது.

பாஞ்சாலை


விருத்தாசலம்,
12-11-1973

அண்ணிக்கு,

இதோடு இருக்கும் சீட்டைப் பாருங்கள். டாக்டரம்மா உங்களுக்கு எழுதியது. வியாழக்கிழமைதோறும் பழைய சத்திரத்தில் அவர்கள் உட்கார்ந்து பார்க்கிறார்கள், நீங்கள் வர வேண்டும், இது குணமாகிற நோய்தான், வெட்கப்பட வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்கள். மேலே தேதியைப் பாருங்கள். செப்டம்பர் 3. இங்கே வந்தது 5ஆம் தேதி. உங்களுக்குப் போன கடிதத்தை நான் எழுதியபோது இது என் டிரங்குப் பெட்டிக்குள் இருந்தது. வந்ததா என்று நீங்கள் கேட்ட பிறகும் அங்கேதான் இருந்தது.

பத்து வியாழக்கிழமை போய்விட்டது. ஒவ்வொரு வியாழக்கிழமையும் காலையில் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவேன். ஞாபகமறதி இல்லை, வேண்டுமென்றுதான் செய்தேன். எனக்கு ஒரு சீட்டு எழுத ஆள் இல்லாமல் நான் கிடந்தேன், உங்களுக்கு மட்டும் ஏன் என்று இருந்தது.

போன வாரம் அவர் அங்கே வந்து உங்களைப் பார்த்துவிட்டு வந்தார். சட்டையைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்தார். பேசாத மனிதர் பேசினார். "அக்கா சொவத்தப் பாத்துப் படுத்திருக்குது. மூணு தடவ கூப்டேன், திரும்பல" என்றார். நான் காத்திருந்த சேதி அதுதான். அன்று முழுக்க நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன், பொய் சொல்லமாட்டேன். பாயசம் வைக்கலாமா என்றுகூட யோசித்தேன். சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவளுக்கு உள்ளே என்ன நடக்கும் என்று இந்தத் தெருவில் என்னைவிட யாருக்குத் தெரியும்? அந்தச் சந்தோஷம் மறுநாள் காலைக்குத் தாங்கவில்லை.

ராஜாங்கம் நேற்று இந்தப் பக்கம் வந்தார். இந்தத் தெருவில் மட்டும் ஒன்பது பேர் டாக்டரம்மாவிடம் போகிறார்களாம். யார் யார் என்று கேட்டேன், சொல்லவில்லை. பேத்தியை உங்கள் பக்கம் விடாதவள் வியாழக்கிழமையானால் முக்காடு போட்டுக்கொண்டு சத்திரத்துப் பக்கம் நடப்பதை நானே பார்த்தேன். நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். மார்கழி பிறப்பதற்குள் டாக்டர்கள் மெட்ராஸ் போய்விடுவார்களாம். இன்னும் நாலைந்து வியாழக்கிழமைதான் இருக்கிறது.

பிராதை எடுக்கமாட்டேன். சாமி எனக்கு எழுதிக் கொடுத்ததை நான் திருப்பிக் கொடுப்பதாக இல்லை.

இப்போது வாசுகியைப் பற்றி. ஆகஸ்டு 19 அன்று வந்து இறங்கியதும் நான் அவளைத் தூக்கப் போனபோது அவள் விலகி நின்று, "நீங்க யாரு?" என்று கேட்டாள். "ஒங்கம்மாடி" என்றேன். "எங்கம்மா செத்துப்போயிட்டாங்க. அத்த சொன்னாங்க" என்றாள். மறுநாள் டாக்டரம்மா கேள்வி கேட்கும்போதெல்லாம் என் காதில் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. நான் தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னேன் என்று எழுதினீர்களே, அதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். என்னைப் பைத்தியம் என்று சொன்னதை ஒருநாள் மறந்தாலும் மறப்பேன். இதை மறக்கமாட்டேன்.

அவள் இன்னும் என்னை அம்மா என்று கூப்பிடவில்லை. "இந்தாங்க", "வாங்க" என்று விருந்தாளியிடம் பேசுவதுபோல் பேசுகிறாள். ரசம் சாதத்தை ஆறவைத்துக் கொடுத்தேன், சாப்பிட்டாள். யார் சொல்லித் தந்தது என்று நான் அவளிடம் சொல்லவில்லை.

நேற்றுச் சாயங்காலம் பூப் பறித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று திரும்பி, "அத்தையும் செத்துப்போயிட்டாங்களா?" என்று கேட்டாள். இரண்டரை மாதமாக இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன், அண்ணி. என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எப்போதோ முடிவு செய்து வைத்திருந்தேன். ஒரே வார்த்தை. அது என் நாக்கு நுனிவரை வந்தது. அவள் பூவைக் கீழே போட்டுவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இல்லடி. அத்தைக்கு ஒடம்பு சரியில்ல. வைத்தியம் பாத்துக்கப் போயிருக்காங்க" என்றேன்.

உங்களுக்காகச் சொன்னேன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் குழந்தை எத்தனை பேரைச் சாகக்கொடுத்துவிட்டு மறுபடி உயிரோடு பார்க்கும்? அவள் பேசக் கற்றுக்கொண்டு என்னைப் பற்றிக் கேட்டபோது சொல்வதற்கு உங்களிடமும் இந்த வார்த்தைகள் இருந்தன.

வியாழக்கிழமை எட்டு மணி பஸ்ஸில் ஏறி வாருங்கள். சீட்டை மறக்காமல் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் பஸ் ஸ்டாண்டில் நின்று உங்களைச் சத்திரத்துக்கு அழைத்துப் போவார், திரும்ப பஸ் ஏற்றியும் விடுவார். நான் வரமாட்டேன். வாசுகியையும் அனுப்பமாட்டேன்.

ஆண்டாள்